புதைத்த மகள் வாசலில் நின்றாள்

தலைமையேற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே, நரைத்தாலும் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஏரிக்கரையின் ஈரம் காயாமல் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, இவள் எப்போது முடிப்பாள் என்று மரத்தடியில் நிற்கும் இளங்காளைகளே, மீன் விற்கும் அடோயோவின் வணக்கம்.

பிள்ளைகள் ஏன் வீட்டை விட்டு ஓடுகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். படித்துப் பேச எனக்கு வராது; பார்த்ததைச் சொல்கிறேன். என் பக்கத்து வீட்டு ஓலூவின் மகள் அவிதிக்குப் பதினைந்து வயது. பள்ளி விடுதியில் மூத்த பெண்கள் அடிக்கிறார்கள், இனிப் போகமாட்டேன் என்றாள். களி கிண்டும்போது சொன்னாள், துணி துவைக்கும்போது சொன்னாள். அப்பன் காதிலும் விழுந்தது, ஆத்தாள் காதிலும் விழுந்தது. ஒருவராவது வாய் திறந்தார்களா? இல்லை.

ஒரு நாள் அவளைக் காணோம். அன்றைக்கென்று ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. கரையில் அவள் செருப்பு கிடந்தது. கடித்த செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் லாரி ஏறிப் போயிருந்தாள். நமக்கு அது தெரியவில்லை. ஏரி கொண்டுபோய்விட்டது என்றே முடிவுகட்டினோம்.

உடல் கிடைக்காவிட்டால் நாம் என்ன செய்வோம்? யாகோ மரத்தின் நீளமான காயைத் துணியில் சுற்றி, அதையே ஆளாக எண்ணி அழுது புதைப்போம். அப்படியே செய்தோம். மணமாகாதவளை வேலிக்குள் புதைக்கக் கூடாதல்லவா, வெளியே, வாசலை ஒட்டிக் குழி வெட்டினோம்.

மழைக்காலம் போனது. ஒரு நட்டநடுப் பகலில் நான் மீன் உலர்த்திக்கொண்டிருந்தேன். காற்றில்லை, கோழிச் சத்தமில்லை. அந்தக் குழிமேட்டருகே நின்று ஒரு குரல், "அம்மா" என்றது. அவிதியின் குரல். என் கையிலிருந்த மீன் கீழே விழுந்தது. சிரிக்காதீர்கள் தம்பிகளே, நீங்களாக இருந்தால் ஏரிக்குள் பாய்ந்திருப்பீர்கள்!

செத்தவர் கூப்பிட்டால் பதில் சொல்லலாமா? சொன்னவரையும் அந்த ஆவி கூட்டிப் போய்விடும் என்றல்லவா வளர்ந்தோம்? வீட்டுக்குள் ஓலூ தன் மனைவி அகோத்தின் கையை இறுகப் பிடித்தானாம்.

"வாயத் தொறக்காத. அது நம்ம பொண்ணு இல்ல."

வெளியே மீண்டும் குரல். பசிக்கிறது என்றது. கதவைத் திற என்றது. வீட்டுக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் அந்தக் குரல் தணிந்து ஒன்று கேட்டது.

"இங்க இருந்தப்பவும் நான் பேசினா யாரும் பதில் சொல்லமாட்டீங்க. இப்பவும் சொல்லல. அப்ப நான் என்னிக்கும்மா செத்தேன்?"

அகோத் கணவனின் கையை உதறினாள். செத்தாலும் பரவாயில்லை என்ற முகம் அது. படலைத் தள்ளித் திறந்தாள்.

"வந்துட்டேன்டி. சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

தொட்டாள். சூடாக இருந்தது, மெலிந்திருந்தது, அழுதது. உயிருள்ள பிள்ளை!

அடித்து விரட்டினால்தான் பிள்ளை ஓடும் என்று எண்ணாதீர்கள், தாய்மார்களே. கேட்டும் கேளாதிருந்தாலும் ஓடும். பூட்டு வேண்டாம், காவல் வேண்டாம். பேசினால் பதில் சொல்லுங்கள், அது போதும். அவிதிக்குத் திரும்பிவரக் கால் இருந்தது. எல்லாப் பிள்ளையும் வருவதில்லை.

காது கொடுத்தீர்கள், நன்றி. அதே காதோடு வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.