படப்பெட்டியை விட்டுவிட்டு ஆளை அழைத்து வந்த ஜான் பாஷா அவர்களுக்கு

எங்கள் பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய ஐயா! பொன்மணி டாக்கீஸின் பொறுப்பாளரே! கூட்டம் கூடினாலும் குரல் உயர்த்தாத குணக்குன்றே! கடைசி ஆள் வீடு போய்ச் சேரும்வரை கதவருகே நிற்கும் காவலரே! கள்ளக்குறிச்சிக்குக் கீற்றுக் கொட்டகையாய் வந்து, பிறகு ஓட்டுக் கூரையாகி, இன்று சிமெண்டு மாடியாய் நிற்கும் நம் டாக்கீஸ் தன் மூன்று கோலத்திலும் கண்ட ஒரே முகமே! வணக்கம், வணக்கம்.

தாங்கள் ஓய்வு பெறும் இந்த நாளில் எங்களுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை ஐயா. கலக்கம்தான் வருகிறது. நேற்று மாலை சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "பத்திரமா பாத்துக்கோங்கப்பா" என்று சொன்னீர்களே, அப்போது பிடித்த கலக்கம் இன்னும் விடவில்லை. ஏன் என்று இந்தச் சபைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தங்கள் அருமை விளங்கும்.

எண்பத்தேழாம் ஆண்டு, இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். எந்தச் சாலையில் எந்த நேரத்தில் மறியலுக்கு மரம் சாயும் என்று யாருக்கும் தெரியாத நாட்கள். அந்த நேரம் பார்த்து நம் டாக்கீஸுக்கு வந்தது குழந்தைகள் பார்க்கும் பொம்மைப்படம், 'முகில்மலைக் குட்டிகள்'. தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்த தொடரைச் சினிமாவாக்கித் தமிழில் பேச வைத்திருந்தார்கள். மேகத்தின்மேல் வாழும் யானைக்குட்டியும் அதன் கூட்டாளிகளும் பூதத்தின் குகைக்குள் போய் மீளும் கதை.

கல்வராயன் மலை விடுதிப் பிள்ளைகளைக் காலைக் காட்சிக்கு லாரியில் ஏற்றி வந்தார் ஆண்டாள் டீச்சர். விடுதித் தொலைக்காட்சியில் அந்தத் தொடர் இந்தியில் பேசும். ஒரு வார்த்தை விளங்காமல், தாங்களே ஒரு கதை கட்டிக்கொண்டு பார்த்து வந்த பிள்ளைகள் அவர்கள். இங்கே திரையில் யானைக்குட்டி தமிழில் வாய் திறந்ததும் கொட்டகையே அதிர்ந்தது. "டீச்சர், டீச்சர்! கூட வர்றது தங்கச்சியாம்! நாம பொண்டாட்டின்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தோம்!" என்று ஒருத்தி கத்த, தாங்கள் டிக்கெட் அறையில் சிரித்த சிரிப்பு எங்களுக்கு இன்னும் ஞாபகம். அதற்குப் பிறகு அன்று தாங்கள் சிரிக்கவில்லை.

படம் ஒன்று, கொட்டகை இரண்டு. அதுதான் அன்றைய வழக்கம். சின்னசேலத்தில் முதலில் ஓட்டுவார்கள். அங்கே முதல் பாதி முடிந்ததும் அந்தப் பெட்டி இங்கே வரும். நாம் அதை ஓட்டி முடிப்பதற்குள் இரண்டாம் பாதிப் பெட்டி வந்துவிட வேண்டும். வண்டியில் கட்டிக் கொண்டுவருபவர் நம் சடையன். முதல் பெட்டியை இறக்கிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். இடைவேளை வந்தது. யானைக்குட்டி குகைக்குள் போய்விட்டது. பெட்டி வரவில்லை, சடையனும் வரவில்லை.

முறுக்குக் கூடையோடு நின்ற அவர் மனைவி ஆயம்மாள் தங்களைக் கேட்டார்: "இன்னா பாய், எங்க வூட்டுக்காரரு இன்னும் காணோமே?"

"வந்துகினு இருப்பான்மா. ரோட்டுல கூட்டம் ஜாஸ்தி."

"கூட்டம் இன்னா கூட்டம்? மரத்த வெட்டிப் போட்டுட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. சுடறாங்கன்னும் சொல்றாங்க. நெசம் சொல்லு பாய்."

அப்போது முதலாளியின் போன் வந்தது. முதல் பாதியையே திரும்ப ஓட்டு, ஜனத்தை வெளியே விடாதே என்றார் அவர். "படத்த விடுங்க சார். என் ஆளு ரோட்டுல இருக்கான்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தீர்கள். முதலாளியிடம் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

பிறகு திரைக்கு முன்னால் போய் நின்றீர்கள். "பாப்பாங்களா, குட்டி குகைக்குள்ளதான் கீது. அத எடுத்துனு வர்ற மாமா வழியில நின்னுட்டாரு. நான் போயி இட்டுனு வரேன். அதுவரைக்கும் ஒருத்தரும் வெளிய போவக்கூடாது."

மலைப்பிள்ளை ஒன்று எழுந்து கேட்டது: "மாமாவ பூதம் புடிச்சிக்கிச்சா?"

"பூதம்லாம் இல்ல கண்ணு. நம்ம ஆளுங்கதான்."

அப்படிச் சொல்லிவிட்டுச் கொட்டகைச் சாவியை வாயிற்கதவு சின்னக்கண்ணு கையில் கொடுத்து, சைக்கிளை மிதித்துச் சின்னசேலம் ரோட்டில் போனீர்கள். போனவரைத் திரும்பக் காண்போமா என்று தெரியாமல் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்கும், உடனே நின்றுவிடும். நின்றால் அதைவிடப் பயம். ஆயம்மாள் முறுக்குகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, வெறுங்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தார். டீச்சர் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் பாதிப் பாட்டில், "மாமா வந்துட்டாரா?" என்று நிறுத்தினார்கள்.

அங்கே நடந்தது எங்களுக்குச் சடையன் சொல்லித்தான் தெரியும். இந்திலி ஊர்ப் பக்கம் வளைவில் சாய்ந்து கிடந்த புளியமரத்தை அவர் கவனிக்கவில்லை. வண்டி மோதி நசுங்க, அவர் முழங்கால் பெயர்ந்துவிட்டது. போலீசுக்குப் புகைக்குண்டு போகிறது என்று அன்று ஒரு பேச்சு உலவியது. பூட்டிய தகரப்பெட்டியைப் பார்த்த மறியல்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. படம் என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. சுற்றி நின்றவர்கள் கையில் அரிவாள்.

தாங்கள் போய், தங்களிடம் இருந்த சாவியால் பெட்டியைத் திறந்து, சுருளை எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினீர்களாம். அவர்களில் மூத்தவர், தெய்வசிகாமணி என்னும் கரும்பு விவசாயி, உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா ஏமாத்தற? எல்லாம் ஒரே படமா கீது!" என்று அதட்டினாராம்.

"ஓட்டினாத்தாங்க அது நடக்கும். கைய விரிச்சி ஒரு பாகம் இழுத்துப் பாருங்க."

அவர் இழுத்தார். பக்கத்தில் இருந்தவர் வாங்கி இழுத்தார். கைமாறிக் கைமாறி, வெட்டிய மரத்தின் நீளத்துக்கும் படம் போய்விட்டது. மரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர், "அண்ணே! தும்பிக்கையத் தூக்கிருச்சிண்ணே!" என்று கூவினாராம். ஆயுதம் பிடித்த கைகளில் எல்லாம் அப்போது யானைக்குட்டி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் போலீஸ் வேன் சத்தம். கூட்டம் படத்தைப் போட்டுவிட்டுக் கரும்புக்குள் ஓடியது. சடையனால் எழ முடியாது. "நீ போ பாய், மாட்டிக்காத" என்றாராம். தாங்கள் போகவில்லை. அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிடித்த கை நடுங்கியதாம் ஐயா; அதையும் சடையன் சொன்னார். பயமில்லாத மனிதர் என்று தங்களைப் புகழ நாங்கள் விரும்பவில்லை. பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். வேன் இன்னொரு மரம் வரை வந்து, வழியில்லாமல் திரும்பிப் போய்விட்டது.

கரும்புக்குள்ளிருந்து வந்த தெய்வசிகாமணி தலை குனிந்தபடி சைக்கிளைப் பிடித்தார். கேரியரில் ஒன்றைத்தான் ஏற்றலாம்: படப்பெட்டி, இல்லையென்றால் முழங்கால் பெயர்ந்த மனிதர். பெட்டி போனால் தங்கள் வேலையும் போகும் என்பது அங்கே தங்களுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சடையனைத் தூக்கி உட்கார வைத்து, வரப்பு வரப்பாய்த் தள்ளிக்கொண்டு வந்தீர்கள்.

கதவு தட்டிய சத்தத்துக்கு நாங்கள் திறக்கவில்லை, பயத்தில். "சின்னக்கண்ணு, நான்தாம்பா" என்ற குரல் கேட்டபிறகே தாழ் விலகியது. பிள்ளைகள் சடையனைப் பார்த்துப் போட்ட கூச்சலில் ஆயம்மாளின் அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

பாதை திறக்கும்வரை பிள்ளைகள் நம் கொட்டகையிலேயே படுத்து, தங்கள் துணைவியார் தாஹிரா அம்மா ஆக்கிய சோற்றைத் தின்று, படத்தின் மறுபாதியைப் பார்க்காமலே மலையேறினார்கள். லாரியில் ஏறும்போது, "குட்டி வெளிய வந்துச்சா?" என்று ஒவ்வொன்றும் கேட்டது. "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னீர்கள். மறுபாதியைத் தாங்களும் அதுவரை பார்த்ததில்லை. மண்ணும் கீறலுமாய்ப் பெட்டி பிறகு வந்து சேர்ந்ததும், முதலாளி தங்களை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று பல நாள் இழுத்ததும், அந்த நாட்களில் தாங்கள் எங்களிடம் ஒரு சொல் முறையிடாததும் இந்தச் சபை அறிய வேண்டியவை.

ஐயா! அன்பின் உறைவிடமே! அச்சத்திலும் ஆளை விடாத ஆண்மகனே! எங்கள் கலக்கம் இதுதான். நாளைக்கு எங்களில் ஒருவர் வர நேரமானால், மேசையை விட்டு எழுந்து ரோட்டைப் பார்க்கப் போவது யார்? வயதானவர்கள் நாங்கள், உழைத்துத் தேய்ந்த உடம்பு, அறிவொளி வகுப்பில் பிந்தி எழுத்துப் படித்த கை. ஆனாலும் நேற்று இரவு எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தோம். வரவேண்டியவர் வராவிட்டால் காட்சியை நிறுத்திவிட்டு நாங்களே போவோம். நடுங்கிக்கொண்டாவது போவோம்.

தாங்களும் தாஹிரா அம்மாவும் நோய் அணுகாமல், நிம்மதி குறையாமல், பேரப்பிள்ளைகள் புடைசூழப் பல்லாண்டு வாழ இறைவனை இறைஞ்சுகிறோம். வீட்டில் இருந்தாலும் மாலையில் ஒருமுறை கொட்டகைப் பக்கம் வந்து முகம் காட்டுங்கள். வராத நாளில் நாங்கள் தேடி வந்துவிடுவோம், முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

என்றும் தங்கள் நன்றி மறவாத,
பொன்மணி டாக்கீஸ் தொழிலாளர்கள்
வாயிற்கதவு சின்னக்கண்ணு
முறுக்குக்கடை ஆயம்மாள்
படப்பெட்டி சடையன்

கள்ளக்குறிச்சி