வாயை ஒட்டிய சப்போடில்லா

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சுன்னாகத்தில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறியபோது, முன் சீட்டில் ஓர் அம்மா தன் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“சம்பந்தியாய் வர இருந்த மனிசியின்ரை வாயை ஒட்டின ஆள் நீங்கள்தான்.”

“நானோ ஒட்டினனான்? சப்போடில்லாப் பால் ஒட்டினது.”

“பொம்பிளை பாக்க வந்த சனத்துக்குக் காயை வெட்டி வைச்சது ஆர்?”

“மண்ணிறமாய்க் கிடந்தது. பழமெண்டு நினைச்சன்.”

“காயும் மண்ணிறந்தான். நகத்தாலை சுரண்டிப் பாக்கவேணும், பச்சை தெரிஞ்சால் காய். எத்தினை தரம் சொன்னனான்! அந்த மனிசி உதடு பிரியாமல் எண்ணெய் கேட்டுக் கையைக் காட்டுது, எங்கடை பிள்ளை உள்ளுக்கிருந்து அழுகுது. அவளுக்குப் பெடியனைப் பிடிச்சுப் போச்சு.”

“அதுக்குத்தானே மன்னிப்புக் கேக்கப் போறம்.”

“அங்கை நீங்கள் வாய் திறக்கவேண்டாம். நான் கதைக்கிறன்.”

“ஓம், ஓம்.”

பஸ் இணுவிலில் நின்றது. அவர் காலடியிலிருந்த பையைத் தூக்கினார்.

“உதென்ன?”

“வெறுங்கையோடை போறதே? சப்போடில்லா. நல்ல பழமாய்ப் பாத்துப் புடுங்கினனான்.”

அந்த அம்மா ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். பச்சை.

“பையை உந்தச் சீட்டிலையே வைச்சிட்டு இறங்குங்கோ.”

எழுதியது: பொங்கலுக்கு மறுநாள், 1969.