படிச்சுக் காட்டினாத்தான் கையெழுத்து

தம்பி: ...இரு, இரு. மூச்சு வாங்கிக்கிறேன். லிஃப்ட் மெக்கானிக்கையே படியேற வெச்ச பல்கலைக்கழகம் இது ஒண்ணுதான்க்கா.

அக்கா: லிஃப்ட்டுக்கு ஒரு வாரமா உடம்பு சரியில்லை.

தம்பி: கீழே கதவைத் தொட்டுப் பார்த்தேன். சென்சார்ல தூசி. பத்து நிமிஷ வேலை. கை அரிக்குது.

அக்கா: அரிக்கிற கையை இங்கே கொண்டா. ஒரு கையெழுத்து போடு.

தம்பி: இதுக்கா வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடி வரச் சொன்னே? தலை போற காரியம்னியே!

அக்கா: தலைதான்டா போகப் போகுது. வாய்மொழித் தேர்வு நடக்குது. மூணு பேருக்கு அப்புறம் நான். இந்தப் பக்கத்துல உன் கையெழுத்து இல்லைன்னா உள்ளேயே விட மாட்டாங்க. போடு. அந்தக் கோட்டு மேல.

தம்பி: பேனாவைக் கையில திணிக்காதே. என்ன போட்டிருக்குன்னு பார்க்க வேண்டாமா? 'இக்கடிதம், எழுதியவரால் எனக்கு நேரில் வாசித்துக் காட்டப்பட்டது...' எந்தக் கடிதம்?

அக்கா: ஏதோ ஒண்ணு. நேர்மறை உளவியல் பாடத்துல ஒரு செய்முறை. சரியா நன்றி சொல்லாம விட்ட ஒருத்தருக்குக் கடிதம் எழுதணும். அவரை நேர்ல பார்த்துப் படிச்சுக் காட்டணும். அவ்வளவுதான்.

தம்பி: அந்த ஒருத்தர்... நானா?

அக்கா: வேற ஆள் கிடைக்கலை.

தம்பி: மாமா இருக்காரே?

அக்கா: என் வீட்டுக்காரர்கிட்ட நன்றின்னு ஆரம்பிச்சாலே, எதை உடைச்சேன்னு கேட்பாரு.

தம்பி: ஹா! சரி, படி. கேட்கிறேன்.

அக்கா: நேரமில்லைடா. படிச்சதா வெச்சுக்கோ.

தம்பி: மூணு பேர் இருக்காங்கன்னு நீதானே சொன்னே?

அக்கா: அவங்க வேகமாப் பேசுவாங்க.

உதவியாளர்: பதினேழு! பதினேழாம் நம்பர் யாருப்பா? உள்ளே போங்க, செருப்பைச் சத்தம் போடாம... ஏம்மா, பத்தொன்பது நீங்கதானே? கையெழுத்து ஆச்சா?

அக்கா: ஆகுதுங்க.

உதவியாளர்: இவருதான் கடிதக்காரரா? தம்பி, எங்கேயும் போயிடாதீங்க. உங்களையும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பாங்க.

தம்பி: என்னையா? நான் எதுக்குங்க? நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்.

உதவியாளர்: லிஃப்ட்டா! கடவுள் கண்ணைத் திறந்துட்டாரு. என் முட்டி ரெண்டும்... அது அப்புறம். காலையில ஒரு அம்மா வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தாங்க. 'கடிதத்துல என்ன இருந்துச்சு'ன்னு கேட்டாங்க. மனுஷன் விட்டத்தைப் பார்க்கிறாரு. படிச்சே காட்டலை! அந்தம்மாவுக்கு இனி அடுத்த வருஷம்தான்.

அக்கா: அடுத்த... வருஷமா?

உதவியாளர்: ஆமாம்மா. விதி விதிதானே? முடிச்சுக்கோங்க. நான் வரிசையைப் பார்க்கிறேன்.

தம்பி: கேட்டியா? எனக்குப் பொய் சொன்னா காது சிவக்கும். உனக்கே தெரியும். படி.

அக்கா: நான் சுருக்கமா சொல்லிடறேன். நல்ல தம்பி, பாசமான தம்பி, நன்றி தம்பி. போதுமா?

தம்பி: அது கல்யாணப் பத்திரிகை. குடு இங்கே, நானே படிச்சுக்கிறேன். ரெண்டு வருஷமா உனக்கு நான்தானே படிக்கிறேன்...

அக்கா: உஷ்! மெதுவாப் பேசேன்டா.

தம்பி: ஏன்? உனக்கு வாசிக்கச் சிரமம்னு இங்கே யாருக்கும் தெரியாதா?

அக்கா: துறைத் தலைவிக்குத் தெரியும். எழுத்துத் தேர்வுக்குக் கூடுதல் நேரம் வாங்கிக் குடுத்தாங்க. மத்தவங்களுக்கு எதுக்கு?

தம்பி: ஆறு புத்தகம்க்கா. மத்தியானம் சாப்பிடற நேரத்துல லிஃப்ட் கூண்டு மேல உட்கார்ந்து, போன்ல படிச்சுப் பதிவு பண்ணி அனுப்பினேன். 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு'... முதல் வாரம் அதைச் சொல்றதுக்குள்ளே நாக்கு நாலா மடிஞ்சுது. கீழே நிக்கிற ஆளுங்க நான் மந்திரம் சொல்றேன்னு நினைச்சாங்க.

அக்கா: 'எதிர்ப்பு அடங்காமைக் குறைபாடு'ன்னதும் நடுவுல சிரிச்சியே.

தம்பி: எங்க முதலாளி ஞாபகம் வந்துச்சு. அத்தனை அறிகுறியும் இருக்கு. குழந்தைகளுக்கு மட்டும்தான் வரும்னு போட்டிருந்ததால விட்டுட்டேன்.

அக்கா: நீ தேர்வு எழுதியிருந்தா முதல் வகுப்பு.

தம்பி: பேச்சை மாத்தாதே. எனக்கு ஆறு புத்தகம் படிக்கத் தெரியும், உன் பக்கம் ஒண்ணு படிக்கத் தெரியாதா? குடு.

அக்கா: முடியாது. எழுதினவங்கதான் வாய்விட்டுப் படிக்கணும்.

தம்பி: அப்ப படி!

அக்கா: எனக்கு எழுத்தெல்லாம் கண்ணு முன்னாடி குதிக்கும்டா.

தம்பி: குதிக்கட்டுமே.

அக்கா: உனக்கென்ன. முப்பது வருஷமா ஒரு வரி யார் முன்னாடியும் வாய்விட்டுப் படிச்சதில்லை நான். உன் முன்னாடிகூட. காப்பகத்துல வேலை பார்த்த பன்னிரண்டு வருஷமும் குழந்தைங்களுக்குக் கதை சொன்னேன், ஒரு நாள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. படத்தைப் பார்த்து நானா இட்டுக்கட்டினேன். ஒரு வாண்டு கண்டுபிடிச்சிட்டா. 'நேத்து நரி செத்துச்சே, இன்னிக்கு எப்படி வந்துச்சு'ன்னு கேட்டா.

தம்பி: என்ன சொன்னே?

அக்கா: அது அந்த நரியோட தம்பின்னேன்.

தம்பி: அங்கேயும் தம்பிதானா உனக்கு!

அக்கா: சிரிக்காதேடா... எனக்கு அழுகை வருது.

உதவியாளர்: பதினெட்டு! வாங்க வாங்க... பத்தொன்பது தயாரா இருங்கம்மா.

அக்கா: நான் போறேன்.

தம்பி: எங்கே? உள்ளேயா?

அக்கா: வீட்டுக்கு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

தம்பி: உட்காரு. பையைக் கீழே வை... வைன்னா! திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துல ஆலோசகர் வேலையில சேரணும். இன்னிக்குத் தேறலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. பேரு ஒட்டி அறை தயார் பண்ணிட்டாங்கன்னு நாலு தடவை போன் பண்ணிச் சொன்னே. எழுத்து குதிக்குதுன்னு ஓடற ஆளா நீ? வேற என்னமோ இருக்கு. கடிதத்துல என்னக்கா எழுதியிருக்கே?

அக்கா: பதினோரு வரி. எழுத நாலு நாளாச்சு.

தம்பி: எத்தனை வரின்னு கேட்கலை.

அக்கா: ...தெரிவு மௌனம் அத்தியாயம் ஞாபகம் இருக்கா?

தம்பி: ...இருக்கு.

அக்கா: வீட்டுல கலகலன்னு பேசற குழந்தை, பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை பேசாது. பிடிவாதம் இல்லை, திமிர் இல்லை. பயம். தொண்டையை யாரோ பிடிச்ச மாதிரி...

தம்பி: எனக்கே சொல்றியா?

அக்கா: உன்னை என்னென்ன சொன்னாங்க! ஊமைக் கோட்டான், வாயில பஞ்சு அடைச்சவன்... மூணு வருஷம்.

தம்பி: அந்தப் புத்தகம் வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. அதுக்கு ஒரு பேர் இருக்கு, வேற பிள்ளைங்களுக்கும் வருதுன்னு. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

அக்கா: ஆனா அதை நீ பதிவு பண்ணி அனுப்பினப்போ, நடுவுல நாலு நிமிஷம் சத்தமே இல்லை.

தம்பி: ...காத்து அடிச்சிருக்கும்.

அக்கா: காத்து இல்லை. உன் மூச்சு கேட்டுச்சு. எந்த வரிக்கு அப்புறம் நிறுத்தினேன்னு எனக்குத் தெரியும். 'அக்குழந்தைக்காக மற்றவர்கள் பேசும்போது, மௌனம் மேலும் நீடிக்கிறது.' அதுக்கப்புறம் நாலு நிமிஷம். எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா?

தம்பி: அக்கா...

அக்கா: உனக்காகப் பேசின மத்தவங்க யாரு? நான். உன் டீச்சர் பேர் கூப்பிட்டா உள்ளேன் ஐயா சொன்னது நான். கணக்கு கேட்டா உன் நோட்டைப் பார்த்து விடை சொன்னது நான். 'பொறுப்பான பொண்ணு, தம்பிக்கு வாய் மாதிரி இருக்கா'ன்னு ஊரே மெச்சிச்சு. நான் ஆறாம் வகுப்புக்கு வேற பள்ளிக்கூடம் போனேன். அன்னிக்கே நீ பேசிட்டே! அதே நாள்! அப்ப உன் தொண்டையைப் பிடிச்சிருந்தது யாருடா?

தம்பி: லூசு மாதிரிப் பேசாதே.

அக்கா: புத்தகம் சொல்லுது.

தம்பி: புத்தகம் சரியாத்தான் சொல்லுது. அதுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

அக்கா: மீதி என்ன?

தம்பி: ...நான் கோவத்துல படிக்கிறதை நிறுத்தலைக்கா அன்னிக்கு.

அக்கா: பின்னே?

தம்பி: இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. அம்மாகிட்டகூட. என் பொண்டாட்டிகிட்டகூட. ஒண்ணாம் வகுப்புல நிஜமாவே வரலை. ரெண்டாம் வகுப்புலயும் வரலை. உயிரே போனாலும் வராது. அதுல பொய் இல்லை. நீ வந்து பக்கத்துல நின்னப்பதான் மூச்சே விட்டேன். ஆனா மூணாம் வகுப்புல...

அக்கா: ம்.

தம்பி: ஒரு நாள் ஒண்ணுக்குப் போறேன்னு சைகை காட்டிட்டு வெளியே வந்தேன். உங்க வகுப்பு ஜன்னலைத் தாண்டித்தானே போகணும். நீ புத்தகத்தைப் பிடிச்சுட்டு பெஞ்சு மேல நின்னுட்டிருந்தே. உங்க டீச்சர் ஸ்கேலால மேஜையைத் தட்டி, 'அடுத்த வார்த்தை, அடுத்த வார்த்தை'ன்னாங்க. வகுப்பே சிரிச்சுது. உன் கால்... உன் கால் ஆடிட்டிருந்துச்சு.

அக்கா: வாசிப்பு வகுப்பு. தினமும் மூணாவது மணி அடிச்சதும் அதுதான்.

தம்பி: எனக்கும் அதே மணியிலதான் பாட்டு ஒப்பிக்கணும். நான் வாயைத் திறக்க மாட்டேன். 'இவன் அக்காவைக் கூப்பிடு'ம்பாங்க. நீ வருவே. வாசல்ல வரும்போது உன் முகம்... பரீட்சை முடிஞ்சு லீவு விட்ட மாதிரி இருக்கும். மூக்கைத் துடைச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பே. எனக்குப் பேச வந்துடுச்சுக்கா. மூணாம் வகுப்பு பாதியில. கொஞ்சம் கொஞ்சமா, தனியா இருக்கும்போது. பாட்டு முழுக்க மனப்பாடம். டீச்சர் கேட்கும்போது நாக்கு நுனியில வந்து நிக்கும். ஆனா நான் ஒப்பிச்சுட்டா உன்னை யார் கூப்பிடுவாங்க? நீ அங்கேயே பெஞ்சு மேல நிக்கணும். அதனால... பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

அக்கா: எட்டு வயசுடா உனக்கு.

தம்பி: ஏழரை. நீ வேற பள்ளிக்கூடம் போனதும் பேசிட்டேன். பின்னே? அதுக்கப்புறம் வாயை மூடி யாருக்கு என்ன லாபம்? இதுதான் அந்த நாலு நிமிஷம். நீ என்னைப் பேச விடாம பண்ணலை. நானாத்தான் பேசலை. இனிமே அந்த ஒரு வரிக்காக அழாதே... என்னக்கா? அழாதேன்னு சொன்னா இன்னும்... கர்ச்சீப் இல்லை, கிரீஸ் துணிதான் இருக்கு. இந்தா. கன்னத்துல ஒட்டிக்கப் போகுது, பார்த்து.

உதவியாளர்: பத்தொன்பது! பத்தொன்பது வாங்கம்மா! ...என்னம்மா இது, அழறீங்க?

தம்பி: ரெண்டு நிமிஷம்மா. இன்னும் படிச்சு முடிக்கலை.

உதவியாளர்: உள்ளே மூணு பேர் காத்துட்டிருக்காங்க தம்பி.

தம்பி: உங்க லிஃப்ட்டை இன்னிக்கே ஓட விடறேன். ரெண்டு நிமிஷம்.

உதவியாளர்: ...டீ குடிக்கிறாங்கன்னு வெச்சுக்கலாம். ரெண்டே நிமிஷம்!

தம்பி: அக்கா. பேனா என் கையிலதான் இருக்கு. படிச்சாப் போடறேன், இல்லைன்னா இல்லை.

அக்கா: திக்கும்டா.

தம்பி: நான் மூணு வருஷம் பேசவே இல்லை. நீ திக்கினா எனக்கென்ன?

அக்கா: சிரிச்சே...

தம்பி: சிரிக்க மாட்டேன். 'அடுத்த வார்த்தை'ன்னும் சொல்ல மாட்டேன். ம்.

அக்கா: 'அன்... அன்புள்ள தம்பிக்கு. நீ மூன்றாம்... வகுப்பில்... படித்தபோது, ஒரு நாள்... தண்ணீர்த்... தொட்டிக்குப் பின்னால்... நின்று, பாட்டு... முழுவதையும்... சத்தமாக... ஒப்பித்துக்... கொண்டிருந்தாய். நான்... சுவருக்கு... இந்தப் பக்கம்... நின்று... கேட்டேன். மறுநாள்... உன் வகுப்பில்... நீ வாயைத்... திறக்கவில்லை. என்னை... அழைத்தார்கள். அது... எனக்காகத்தான்... என்று... தெரிந்தும்... நான் யாரிடமும்... சொல்லவில்லை. தினமும்... வந்தேன். நீ எனக்குக்... கொடுத்த... அந்த... மூன்றாவது மணிக்கு... நன்றி.'