மாத்தறைக்குப் போன திறப்பு

வைத்தியமோ? உள்ளுக்கோ? ஆர் பிள்ளை உங்களுக்குச் சொன்னது? உங்கட ஊர்க் கிராம சேவகர், ஜீ.எஸ் ஐயாவோ? நல்லாச் சொன்னார். கிளிவெட்டியில இருந்து பஸ் பிடிச்சு வந்து, இந்த வெயிலுக்க நிண்டு, மறியல் வாசல்ல கிடக்கிற பலகையைப் பாத்திட்டு என்னட்ட வந்து கேக்கிறீங்கள் பாருங்கோ. கொஞ்சம் நிழலுக்க வாங்கோ. உள்ள போய்ப் பாக்க என்ட நம்பரைக் கூப்பிட இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகும்.

ஓம், ஓம், பலகையை நானும் வாசிச்சனான். சிறைச்சாலை, போதைக்கு அடிமையானோருக்கான சிகிச்சைப் பிரிவு. மூண்டு பாசையில எழுதிக் கிடக்கு. கீழ அரசாங்கம் ஒதுக்கின காசு ரெண்டு கோடியே நாப்பது லட்சமாம். ஆற்றை காசு? உங்கட காசு, என்ட காசு. நெருப்புப்பெட்டி வாங்கினாலும் வரி எடுக்கிறாங்கள்தானே. அந்தக் காசில இண்டைவரைக்கும் ஒழுங்கா வேலை செய்யிறது இந்தப் பலகை ஒண்டுதான்.

வாய்க்கு வந்தபடி கதைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. துறைமுகத்தில முப்பத்தொரு வருசம் கிரேன் ஓட்டினவன் நான். இராசதுரை எண்டு கேட்டா அங்க கேற்றடியில இப்பவும் சொல்லுவினம். என்ட மகன் நிருபன் உள்ளுக்கதான் கிடக்கிறான், ஏழு மாதமா. ஹெரோயின் தூள். உங்கட தம்பியும் அதுதானே? ம்ம். வயலுக்குத் தண்ணி இறைக்கிற மோட்டரை வித்துப்போட்டானோ? என்டவன் தாய்ட தாலிக்கொடியைக் கழட்டினவன் பிள்ளை. அவ படுத்திருக்கேக்க, கழுத்தில இருந்தே.

அழாதேங்கோ. முழுக்கக் கேளுங்கோ.

ரிப்பன் வெட்டின அண்டைக்குக் கொழும்பில இருந்து நாலு வாகனம் வந்தது. ஐஞ்சு பெடியங்களைத் தெரிஞ்செடுத்து, குளிக்க வாத்து, ஆற்றையோ சேட்டைப் போட்டுவிட்டு, வரிசையா நிப்பாட்டி, கையில கேக் துண்டு குடுத்துப் படம் பிடிச்சவங்கள். அதில என்ட மகனும் ஒருத்தன். பேப்பரில வந்தது, சிகிச்சையால் பயனடைந்தோர் எண்டு. அண்டைக்கு அவன் உள்ள போய் மூண்டாம் நாள்! தூள் இல்லாத நடுக்கத்தில கேக்கைப் பிடிக்க ஏலாமக் கீழ போட்டவன். அவனுக்குப் பல்லுக் கிட்டிப் போச்சு, அதைச் சிரிப்பெண்டு நினைச்சுப் படத்தைப் போட்டுட்டாங்கள். விசர்க் கூட்டம்.

மருந்தோ? வந்ததுதான். நான் பொய் சொல்லமாட்டன். தூளை விடுறவைக்குக் குடுக்கிற நல்ல மருந்தாம், ரெண்டு பெட்டி. இரும்பு அலுமாரிக்க வச்சுப் பூட்டினவங்கள். பூட்டின மறியல் துரைக்கு, டொக்டர் வாறதுக்கிடையில மாத்தறைக்கு மாற்றம் வந்திட்டுது. அலுமாரித் திறப்பும் அவற்ற பையோட போயிட்டுது. பூட்டை உடைக்கலாம்தானே எண்டு நான் கேட்டனான். அரசாங்கச் சொத்தாம். உடைக்கிறதெண்டா கொழும்பில இருந்து கடிதம் வரோணுமாம். கடிதம் கேட்டுக் கடிதம் போட்டிருக்காம். நாப்பதடிக் கொண்டெய்னரைத் தூக்கிக் கப்பல்ல வைக்க எனக்கு நாலு நிமிசம் போதும். இவங்களுக்கு ஒரு பூட்டோட ஏழு மாதம்!

டொக்டர் வாறவர், மாதத்தில ஒரு வியாழன். நித்திரை வருதா, சாப்பாடு செமிக்குதா எண்டு சிங்களத்தில கேப்பாராம். அதைத் தமிழில சொல்லுறது கஞ்சாவோட பிடிபட்ட ஒருத்தன். பிறகு தலையிடிக்குப் போடுற பனடோல் ரெண்டு. அதுதான் ரெண்டு கோடி வைத்தியம்.

அந்த முதல் கிழமையை எப்பிடிச் சொல்ல? ஒரு மண்டபத்தில தொண்ணூறு பேர், சரிஞ்சுதான் படுக்கலாம். இவன் சத்தி எடுத்து, வயித்தால போய், எலும்புக்குள்ள எறும்பு ஓடுது எண்டு குளறியிருக்கிறான். பக்கத்தில படுத்தவங்கள் போட்டு அடிச்சவங்கள். அவங்களையும் நான் பிழை சொல்லமாட்டன், அவங்களும் நித்திரை கொள்ளோணுமே. எட்டாம் நாள் ஒருத்தன் பாவம் பாத்து ஒரு பொட்டலம் குடுத்தானாம். என்ன பொட்டலமோ? தூள்தான் பிள்ளை! உள்ளுக்கதான்! வெளியில வாங்கினதை விடச் சுத்தமாம், அவனே கம்பிக்கு அங்கால நிண்டு சொல்லுறான்.

அது எப்பிடி உள்ள போகுது எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ. இந்தச் சோத்துப் பார்சல் போற விதம் எனக்குத் தெரியும். முட்டையை நாலா வெட்டிப் பாப்பாங்கள். சூடை மீனைப் பிச்சுப் பாப்பாங்கள். பிறகு ஒவ்வொண்டிலயும் நான் ஒரு வாய் திண்டு காட்டோணும், நஞ்சு வைக்கேல்லை எண்டு. பெத்த அப்பனை நம்பமாட்டாங்கள், தூள் கொண்டு வாறவனுக்குக் கும்பிடு போடுவாங்கள்.

உங்கட ஜீ.எஸ் சொன்னதைத்தான் எங்களுக்கும் சொன்னவை. ஊர் மண்டபத்தில கூட்டம் வச்சு, படம் எல்லாம் போட்டுக் காட்டி, இனி மறியல் எண்டா தண்டனை இல்லை, ஆஸ்பத்திரி மாதிரி, காசு ஒதுக்கியாச்சு, வீட்டில வச்சுக் கஷ்டப்படாதேங்கோ, எங்களிட்டத் தாங்கோ எண்டு ஒரு பெடியன் தேன் ஒழுகக் கதைச்சான். முன் கதிரையில இருந்து கை தட்டினவன் நான். எனக்கல்லோ முதல்ல உதை போடோணும்.

என்ன, போனை எடுக்கிறீங்கள்? பொலிசுக்கோ, தம்பியைப் பிடிச்சுக் குடுக்கவோ? வையுங்கோ பிள்ளை. கால்ல விழவோ? பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்கயும் வரிசைதான், அங்கயும் பேச்சு வாங்கத்தான் வேணும். ஆனா அங்க கதவு உள்ளுக்க இருந்தும் திறக்கும். வரமாட்டன் எண்டுவான், அடிப்பான், மோட்டரைப் போல இன்னும் ரெண்டு சாமானை விப்பான். விக்கட்டும்.

நல்லதுக்குத்தானே எண்டோ? ஓம், நானும் நல்லதுக்கெண்டுதான் பொலிசுக்குப் போன் அடிச்சனான். பஸ் ஸ்ராண்டில நிண்டு, என்ட பேரைச் சொல்லாம, எந்தப் பொக்கற்றில வச்சிருக்கிறான் எண்டது வரைக்கும் சொன்னனான். அரை மணித்தியாலத்தில வந்திட்டாங்கள். நான் வாசல்ல நிண்டு, என்ன சேர், என்ன சேர் எண்டு கேட்டனான், ஒண்டும் தெரியாதவன் மாதிரி.

கிழமைக்குக் கிழமை கேக்கிறான், அப்பா, ஆரெண்டு விசாரிச்சீங்களோ எண்டு. விசாரிக்கிறன் மகன் எண்டுறன். மனுசி வெள்ளிக்கு வெள்ளி காளி கோயிலுக்குப் போறா. என்ட பிள்ளையைக் காட்டிக் குடுத்தவன்ட கை விளங்காமப் போகோணும், கிடையில கிடந்து அழுந்தோணும் எண்டு வாய் விட்டுச் சொல்லித் தேங்காய் அடிக்கிறதுக்கு. அவவுக்குத் தோள்மூட்டு நோ, ஓங்க ஏலாது. நான்தான் வாங்கி அடிக்கிறனான்.