சூரியனின் மருக்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் இயற்பியல் என்று ஒன்று இருந்தால், அது மாசிலாமணியாகிய நான்தான். இதில் அடக்கம் பார்க்க ஒன்றுமில்லை. 1938இல் வேறு ஆளே கிடையாது, முகையூர் இருதயமேரியைத் தவிர.

அவளும் என்னோடு ஆனர்ஸ் முடித்தவள். ஆராய்ச்சி மாணவராகச் சேர ஒரே ஓர் இடம். இருவரும் மனுப் போட்டிருந்தோம். விழுப்புரத்தில் மாமன் வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்து, தினமும் காலையில் சூரியப் புள்ளிகளை எண்ணி நோட்டில் எழுதினாள். ஓராண்டு விட்டுப்போகாமல் எழுதினால் இடம் அவளுக்கு என்றார் பேராசிரியர். 'சூரியன் மூஞ்சியில் மரு எண்ணும் மங்கை' என்று கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தொலைநோக்கியின் முன்னால் கரி பிடித்த கண்ணாடி பொருத்த வேண்டும். சிம்னி விளக்கின் மேல் காட்டிக் காட்டிப் புகை ஏற்றுவது. சனிக்கிழமைதோறும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்து நான்தான் செய்துகொடுப்பேன். "உங்க கை பட்டாத்தான் கரி ஒரே சீரா ஏறுதுண்ணே" என்பாள்.

ஆண்டு முடிய இருபது நாள் இருந்தது. "லேசா மேகம் இருக்குது, அதான் மெல்லிசா புடிச்சேன்" என்று கொடுத்தேன். கண் கூசும், இரண்டு நாள் நோட்டு விட்டுப்போகும். என் திட்டம் அவ்வளவுதான். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமலே பொருத்தினாள். கூசியும் விடவில்லை. இரண்டு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, பெரிய புள்ளி ஒண்ணு, நட்ட நடுவுல. நோட்டைப் பாத்தாலும் இருக்குது. உங்க மூஞ்சிலயும் இருக்குது."

அது பிறகு மறையவில்லை. இடம் கும்பகோணத்துக்காரர் ஒருவருக்குப் போயிற்று.

பார்வை போனவளைக் கட்டிக்கொண்ட தியாகி என்று திண்டிவனத்தில் என்னைச் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. ஒன்பது வருடமாக ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை, அவளுடைய பழைய தொலைநோக்கி இருக்கும் மாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். மடியில் பழைய நோட்டு.

"இருபது நாள் எழுதாம கெடக்குதுங்க. நீங்க எண்ணி எழுதுங்க. கண்ணாடிக்கு நானே கரி புடிச்சிக்கினு வந்துட்டேன்."

கண்ணாடியை என் பக்கம் நீட்டினாள்.

"லேசா மேகம் இருக்குதுல்ல, அதான் மெல்லிசா புடிச்சேன்."

வானத்தில் ஒரு துளி மேகமில்லை. வாங்கி, தூக்கிப் பார்க்காமலே பொருத்தினேன். ஒவ்வொரு மருவாக எண்ணினேன். வலக்கண்ணால் மட்டும், இதை எழுத இடக்கண் வேண்டியிருந்தது.

நாளைக்கு அது.