சுவீடனைத் தின்ற ஆடு

"டீச்சர், சுவீடன எங்க ஆடு தின்னுருச்சுங்க."

நோர்வூட் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த பெண், வழியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சரிடம் இப்படிச் சொன்னாள். மடியில் இருந்த ஏழு வயது மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"சண்டே ஸ்கூல்ல ஆளுக்கொரு நாடு குடுத்தீங்கள்ல? சுவீடன்ல கிறிஸ்மஸுக்கு வைக்கோல் ஆடு செய்வாங்கன்னு இவளுக்குச் சொன்னீங்க. நம்ம தேயிலத் தோட்டத்துல வைக்கோலுக்கு எங்க போறது? மானாப்புல்ல அறுத்து, மூணு நாளா ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம். செவப்பு ரிப்பன் கட்டி வாசல்ல வச்சா, காலையில ரிப்பன் மட்டுந்தான் கெடக்கு. நாளைக்கு எல்லாரும் கொண்டு வருவாங்களாம், இவ வரமாட்டாளாம். சோறும் திங்கல."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிறுமியிடம் குனிந்தார்.

"ஒங்க ஆட்டுக்குப் பேரு என்னம்மா?"

"லச்சுமி." முகத்தை எடுக்காமலே சொன்னாள்.

"அதுகூடக் கோவமா?"

"காலையிலருந்து பேசல."

"பாவம், அதுக்கென்ன தெரியும்? பசும்புல்ல கண்டா திங்கத்தானே செய்யும். நான் இப்பவே ஒங்க வீட்டுக்கு வாறேன். மூணு பேரும் சேந்தா இருட்டுறதுக்குள்ள இன்னொண்ணு செஞ்சிரலாம். வரட்டுமா?"

சிறுமி நிமிர்ந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாகியிருந்தது.

"ரெண்டு செய்வோம் டீச்சர்," என்றாள். "ஒண்ணு லச்சுமிக்கு."