கேட்டேன், வேண்டாம் என்றார்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் மாதேஸ்வரன் அவர்களே, ஆத்தூரிலிருந்து வந்திருக்கும் மெக்கானிக் ஆனந்தகுமார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் திருமதி வசந்தாமணி அவர்களே, மகள் கிருத்திகா, பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கும் பெரியோர்களே, வண்டி இல்லாமல் ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் சண்முகவேல், நம் பழைய ஸ்கூட்டர் சங்கத்தின் செயலாளர். முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன். எதையும் அளந்து பேசித்தான் எனக்குப் பழக்கம். நம் சங்கத்தின் ஆலோசகர், ‘காந்தம்’ தமிழரசு அவர்கள் மறைந்து இன்றோடு முப்பது நாள். அவரைப் பற்றிப் பேசும்போதும் நான் கூட்டிச் சொல்ல மாட்டேன். விற்கிறவர்கள் வண்டியைக் கூட்டிச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு வருகிறேன் என்றால் பத்தரைக்குத்தான் வருவார். கார்புரேட்டரைப் பற்றி வாய் தவறி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் முக்கால் மணி நேரம் நம்மை விடமாட்டார். வண்டியை நாற்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார். சங்கம் ஏற்காடு போன வருடம், அவருக்காகக் காத்திருந்து மதியச் சாப்பாட்டை நாம் நாலரை மணிக்குச் சாப்பிட்டோம். தேடிப் பார்த்தேன், குறை இவ்வளவுதான் கிடைத்தது.

நிறை என்ன? திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை. வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளை யாருக்குக் கொடுத்தார்? வீட்டுக்குக் கொடுத்தாரா? அவர் மனைவி வசந்தாமணி அம்மா இங்கே இருக்கிறார், கேட்டுப் பாருங்கள், நல்ல பதிலாகவே சொல்வார். முதன்முதலாகப் பழைய ஸ்கூட்டர் வாங்கக் கிளம்புகிறானே ஒன்றும் தெரியாத ஆள், அவனுக்குக் கொடுத்தார். முன்பின் தெரியாதவன் போன் செய்தாலும் கூடப் போனார். இருபத்தைந்து வருடம் போனார்.

அப்படிப் போகும்போது அவர் என்ன செய்வார்? புதியவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள், இது உங்களுக்குத்தான். வண்டியைப் பார்த்ததும் என்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், விற்பவர் முன்பே ஓட்டிவைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்வார். டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்புவார். ஆறிப்போன என்ஜின் எத்தனை உதையில் எழுந்திருக்கிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு. அடுத்தது ஆர்.சி. புத்தகம். புத்தகத்தில் இருக்கும் சேஸ் நம்பரையும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வண்டி நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார். புத்தகத்தில் பெயர் இருப்பவரே எதிரில் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் கிளம்பிவிடுவார். கடைசியாகத்தான் சட்டைப்பையிலிருந்து அந்தக் காந்தம் வெளியே வரும். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் அது. தகரத்தில் ஒட்டும், துருவை மறைத்து அப்பிய பட்டிப் பூச்சில் ஒட்டாது.

பரமத்தி வேலூரில் செவிலியராக இருக்கும் அபிநயா இங்கே வந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். நீல நிற வண்டி ஒன்றைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டார். அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார். தமிழரசு பக்கவாட்டில் காந்தத்தை வைத்தார், விழுந்தது. அடிப்பலகையில் வைத்தார், விழுந்தது. முன்புறத்தில் வைத்தார், அங்கும் விழுந்தது. விற்க வந்தவர் காந்தம் பழசு என்றார். அபிநயாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தமிழரசு அவரிடம், “அழுவாத கண்ணு. வண்டி மேல தப்பில்ல. பெயிண்டுதான் பொய் சொல்லுது,” என்றார்.

நான்கு மாதம் கழித்து ஆத்தூரில் ஓர் அரிசி ஆலையின் பின்புறத்தில் வேறொரு வண்டியைப் பிடித்தார். எலி கூடு கட்டியிருந்தது, பார்க்கச் சகிக்காது. ஆனால் ஒரு பாகம்கூடக் காணாமல் போயிருக்கவில்லை. அழகில்லாத முழு வண்டியை வாங்கு, அழகான அரை வண்டியை வாங்காதே என்பார். அபிநயா இன்று அதில்தான் வந்திருக்கிறார், வெளியே நிற்கிறது.

இவையெல்லாம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவருடைய இன்னொரு விதியும் தெரியும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நல்ல பழைய ஸ்கூட்டர் எங்கே கிடைக்கும்? ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் இறந்துபோன வீட்டில்தான் கிடைக்கும். காரியம் முடிந்ததும் நம் ஆட்கள் போய் நிற்பார்கள். தமிழரசு போகமாட்டார், கூட வருகிறவரையும் விடமாட்டார். வருடத் திதி முடியட்டும், அதுவரை வண்டியைப் பற்றி வாயைத் திறக்காதே என்பார். துக்கத்தில் இருப்பவர்கள் வண்டியை விற்பதில்லை, கண்ணில் படாமல் போனால் போதுமென்று தள்ளிவிடுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இந்த விதியால் நம் சங்கத்தார் தவறவிட்ட வண்டிகள் எத்தனை! நானே அவரை முகத்துக்கு நேரே கேலி செய்திருக்கிறேன்.

சொல்ல வந்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன்.

வாசலில் மாலை போட்டு நிற்கிறதே சாம்பல் நிற லாம்பி ஸ்கூட்டர், தமிழரசு ஓட்டிய வண்டி, அது முதலில் என் அப்பாவுடையது. இராசிபுரத்திலிருந்து அதில்தான் அவர் வேலைக்குப் போய்வந்தார். 2004 பங்குனியில் அப்பா தவறினார். வாசலில் வண்டி நிற்கும், அவர் உள்ளே இருக்கிறார் என்று ஒரு நொடி தோன்றும். அந்த ஒரு நொடி என்னால் தாங்க முடியவில்லை. இருபதாம் நாள் தமிழரசுக்குப் போன் செய்தேன்.

வந்தவர், “இப்ப வேண்டாமுங்க. திதி ஆகட்டுமுங்க,” என்றார். நீ எடுக்காவிட்டால் நாளைக்கே பழைய இரும்புக்காரரிடம் போடுகிறேன் என்றேன். போட்டும் இருப்பேன். அதனால்தான் எடுத்துக்கொண்டார். இறந்தவர் பெயரில் வண்டி இருக்கக்கூடாது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அவரே அலைந்து, முதலில் அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்ற வைத்தார். பிறகு என் பெயரிலிருந்து அவர் பெயருக்கு மாற்றும் படிவங்களில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் படிவங்களை அவர் கொடுக்கவே இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க என் கையெழுத்துக்கு வந்து நிற்பார். இன்னும் பெயர் மாற்றவில்லையா தம்பி என்றால், மாத்திக்கலாமுங்க என்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். போன ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்து, எல்லோரையும் பெயர் மாற்றச் சொல்கிற நம் ஆலோசகரின் வண்டி இன்னும் என் பெயரில்தான் ஓடுகிறது என்று சொன்னேன். நீங்களெல்லாம் சிரித்தீர்கள், அவரும் சிரித்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வசந்தாமணி அம்மா என்னைக் கூப்பிட்டார். நம் சங்கத்திலிருந்தே மூன்று பேர் வண்டியைக் கேட்டுவிட்டார்களாம். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. “யாருக்காச்சும் குடுத்துருங்க. கண்ணுல படாம இருந்தாப் போதுமுங்க,” என்று ஆர்.சி. புத்தகத்தை என் கையில் கொடுத்தார். கிருத்திகா கதவோரம் நின்றிருந்தாள். வண்டியின் சாவி அவள் கையில் இருந்தது, அதை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். நான் கையெழுத்திட்ட படிவங்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. கூடவே ஒரு தாள். அவர் பார்க்கிற ஒவ்வொரு வண்டிக்கும் எழுதுவாரே, அந்தக் குறிப்புத் தாள். அதை அப்படியே படிக்கிறேன்.

“சேஸ் நம்பர் சரி. என்ஜின் நம்பர் சரி. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டுகிறது. உரிமையாளர் துக்கத்தில் இருக்கிறார். ஒரு வருடம் கழித்து, வண்டி திரும்ப வேண்டுமா என்று கேட்கவும்.”

அதற்குக் கீழே: “2005 பங்குனி. கேட்டேன். வேண்டாம் என்றார்.” அடுத்த வரி, “2006 பங்குனி. கேட்டேன். வேண்டாம் என்றார்.” இப்படியே போகிறது. “2020 பங்குனி. ஊரடங்கு. போனில் கேட்டேன். வேண்டாம் என்றார்.” கடைசி வரி போன பங்குனி. மொத்தம் இருபத்தொரு வரி.

அப்பாவின் திதியன்று சாயங்காலம் தமிழரசு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். “வண்டி வந்திருக்குதுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வாரீங்களா?” என்பார். வேண்டாம் தம்பி, உள்ளே வா, காபி குடி என்பேன். குடித்துவிட்டுப் போவார். இந்தப் பக்கம் ஏதோ வேலை இருந்திருக்கும் என்று நினைத்தேன். இருபத்தொரு வருடம், ஒரே நாள். நிலம் அளந்தவன் நான், இது எனக்குத் தெரியவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மாற்றாமல் வைத்ததில் இப்போது ஒரு வசதி இருக்கிறது. புத்தகத்தின்படி வண்டி என்னுடையது. என் கையெழுத்து இல்லாமல் யாரும் வாங்க முடியாது. அந்த மூன்று பேருக்கும் சொல்கிறேன், நீங்களும் அவர் சீடர்கள்தான், காத்திருங்கள்.

அவருடைய பணி தொடரும் என்று இந்த மேடையில் உறுதி சொல்ல வேண்டுமல்லவா? இதோ, என் உறுதி. இன்று காலை அந்தத் தாளில் என் கையால் இருபத்திரண்டாவது வரியை எழுதினேன். “வசந்தாமணி, கிருத்திகா துக்கத்தில் இருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்கவும்.” வசந்தாமணி அம்மா, வண்டி உங்கள் வீட்டு வாசலில் கண்ணை உறுத்தும் என்றால் என் வீட்டில் நிற்கட்டும். தமிழரசின் திதியன்று சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு வருவேன், கேட்பேன். வேண்டாம் என்றால் மறுவருடமும் வருவேன். எனக்கு வயது அறுபத்தாறு, இருபத்தொரு வரி எழுத முடியுமா தெரியாது. முடிந்தவரை எழுதுவேன். நீங்கள் காபி மட்டும் போட்டு வையுங்கள்.

சாவி இல்லாததால் ஆனந்தகுமார்தான் வண்டியை வேனில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார். கூட்டம் முடிந்ததும் யார் ஓட்டிக்கொண்டு போவது என்று தலைவர் சற்றுமுன் கேட்டார்.

கிருத்திகா, சாவியைக் கொடு கண்ணு. உங்க அப்பா கேட்ட அந்த ஒரு ரவுண்டு நான் போய்விட்டு வருகிறேன். வருவதானால் பின்னால் உட்கார்ந்துகொள், நானும் நாற்பதுக்கு மேல் ஓட்ட மாட்டேன்.